முழங்காலுக்கு வந்த மெஷின்

ஜாக்சன் மெஷினின் பட்டையைத் தோளில் ஒட்டிக்கொண்டு, குமிழை நேரே பதினெட்டாம் நம்பருக்குத் திருப்பினான்.

என் முழங்கால் வலிக்கென்று பிசியோ டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கரண்ட் மெஷின் அது. காய்ந்த தோலில் ஒட்டி, சைபரில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குறுகுறுவென்று இருக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இருபது நிமிடம். எனக்கு ஐந்தாம் நம்பரே போதும்.

மாதா கோயில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்த விசைப்படகுக்காரர்களுக்கு அது போதவில்லை. ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் ஒட்டக்கூடாது என்றேன். என் வீட்டில் என் பேச்சு எடுபட்டு எத்தனையோ வருடமாயிற்று.

ஜாக்சனின் தோள் தனியாகத் துள்ளியது. கண்ணில் தண்ணீர் முட்ட, "சும்மா எறும்பு ஊருத மாதிரி இருக்கு" என்றான்.

விசைப்படகுச் சங்கத்திலேயே இளவட்டம் அவன்தான். அந்தப் பாழாய்ப்போன யோசனையும் அவனுக்குத்தான் வந்தது.

"தலைவருக்கு நிக்கிற ரெண்டு பேரும் ஒட்டுங்க. எவரு ரொம்ப நேரம் தாங்குதாரோ, அவருக்குத்தான் நம்ம ஓட்டு."

சங்கத் தேர்தலுக்கு இன்னும் ஒரு வாரம். டீசல் மானியம், துறைமுகத்தில் மண் அள்ளுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். இதுதான் நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

நிற்பவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர் மனுவேல். இன்னொருவர் செல்வின். மனைவி ஏஞ்சலினோடு வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

மனுவேல் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். வலது தோளை மட்டும் வெளியே எடுத்து, இடது பக்கத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்த இடது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அது உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது என்பதுதான் மெஷினோடு வந்த தாளில் முதல் வரி.

ஊருக்குத் தெரியாது. கடலுக்குப் போகாதவன் சங்கத் தலைவராக முடியாது என்பது இங்கே எழுதாத சட்டம். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளையும் வேளாங்கண்ணிக் கணக்கில் சேர்த்துவிட்டோம். திரும்பி வந்து தெருவுக்கெல்லாம் மந்திரித்த எண்ணெய் வேறு கொடுத்தேன். அதுவும் தூத்துக்குடியில் வாங்கியது. மாதா மன்னிக்கட்டும்.

அவர் செத்தாலும் சாவாரே தவிர, சொல்ல மாட்டார். முப்பத்திரண்டு வருடம் அவரோடு குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? தேர்தல் நாசமாய்ப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஏஞ்சலின் எழுந்து ஓடி, ஜாக்சன் கையிலிருந்து வயரைப் பிடுங்கிவிட்டாள்.

"நெஞ்சுக்குள்ள மெஷினு வச்ச மனுசனுக்கு இத ஒட்டப் போறியாலே? கொன்னுருவியா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவளுக்கு யார் சொன்னது?

ஆனால் அவள் மனுவேலைப் பார்க்கவே இல்லை; தன் வீட்டுக்காரரை மறைத்துக்கொண்டு நின்றாள். செல்வின்தான் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

போட்டியில் இனி ஒருவர்தான் மிச்சம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

மனுவேல் நிதானமாகப் பொத்தானைப் போட்டார். முகத்தில் தலைவர் களை வந்துவிட்டது. எழுந்து போய்ச் செல்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

எந்த டாக்டர் வைத்தது என்று ஜாக்சன் கேட்டான். ஏஞ்சலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதுரை டாக்டரின் பெயரைச் சொன்னாள்.

"அவரா? பயப்படாதலே செல்வினு, கைராசிக்காரரு" என்றார் மனுவேல். "எனக்குத் தழும்பே தெரியல."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.