ஏழு மாதச் சமாதானம்

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்த வீட்டில் சண்டை என்கிற சமாச்சாரம் ஒழிந்து இன்றோடு ஏழு மாதம் பூர்த்தியாகிறது!”

1963 ஆகஸ்டில் ஒரு நாள், சகலர் என்று அங்கே இருந்தவர், வீட்டுக்காரியை விட்டால், ஜவுளிக்கடை பாலுசாமி ஒருவர்தான். அறிவித்தவர் சென்னகேசவன், கணபதி என்கிற ஊரில் மோட்டார் பம்புப் பட்டறை முதலாளி. பட்டறையில் நாற்பது பேருக்கு உத்தரவு போட்டுப் பழகியவர், வீட்டில் தண்ணீர் கேட்பதானாலும் நாற்பது பேருக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பார்.

“ஞாயித்துக்கெழமை நம்ம வியாபாரிங்க சங்கக் கூட்டத்துல இப்படித்தான் ஆரம்பிக்கப் போறேன் பாலு. தலைப்பு, ‘இல்லறத்தில் அமைதி’. எப்படி?”

“பிரமாதமுங்ணா. நோட்டீஸ்கூட அடிச்சாச்சாமா. ஆனா அந்த ரகசியத்தை எனக்கு மட்டும் இப்பவே சொல்லிப்போடுங்க. எங்கூட்டுல நேத்துக் காத்தால ஆரம்பிச்சது, இன்னும் முடியலீங்க.”

சென்னகேசவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் மனைவி கனகத்தோடு அவர் போட்ட ஒவ்வொரு சண்டையும் ஒரு நகையில்தான் முடிந்திருந்தது. கனகம் கத்துவாள், பிறகு மூன்று நாள் பேசமாட்டாள், நாலாம் நாள் நகை ஆசாரி திருமலைசாமி தராசோடு வருவார். வந்த நகையை ரோஸ் காகிதத்தில் சுற்றி, என்ன சண்டை என்று பென்சிலால் எழுதி, ஞாபகார்த்தமாகப் பெட்டியில் வைத்துவிடுவாள்.

அன்றைக்கும் அந்தப் பெட்டியைத்தான் மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க அண்ணி, இது என்ன இத்துனூண்டு மூக்குத்தி?” என்றார் பாலுசாமி.

“ரசத்துல உப்பில்லைன்னு தட்டைத் தள்ளினாருங்க தம்பி. கல்யாணமான புதுசு. வெவரம் பத்தாது, குடுத்ததை வாங்கிட்டேன்.”

“இந்த அட்டிகை?”

“இவுங்க அக்கா சமையலை எம்மூஞ்சிக்கு நேரா மெச்சினாருங்க. எட்டுப் பவுன். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கண்டதுக்கெல்லாம் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கப்படாது. கல்லு வெச்சதும் ஆகாது, எடை கல்லுக்குப் போயிருது. சண்டையானாலும் நகையானாலும் பொறுக்கித்தான் எடுக்கோணும்.”

“அதெல்லாம் பழைய கதை பாலு!” சென்னகேசவன் அவசரமாகக் குறுக்கே புகுந்தார். “போன பொங்கலன்னிக்கு இவளை உக்கார வெச்சு ஒண்ணரை மணி நேரம் பேசினேன். பொன்னாசை போனாத்தான் குடும்பத்துல நிம்மதின்னு விளக்கினேன். கண்ணைக்கூட அசைக்காம கேட்டா. அதுக்கப்புறம் ஒரு சண்டை? ஊஹூம்! நேத்து வேணும்னே எங்கக்கா கொழம்பை ஒரு புடி புகழ்ந்து பார்த்தேன். சிரிச்சுட்டுப் போயிட்டா!”

“அடேங்கப்பா! எட்டுப் பவுன் சண்டைங்களே அது!”

“ஆசாரி திருமலைசாமி இந்தத் தெருப் பக்கமே வாரதில்லை. அதுக்கு மேல என்னய்யா சாட்சி வேணும்?”

பாலுசாமி பயபக்தியோடு சட்டைப்பையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்தார். “அண்ணி, ஞாயித்துக்கெழமை நீங்களும் மேடையேறி ரெண்டு வார்த்தை சொல்லோணும். நீங்க சொன்னாத்தான் எங்கூட்டுல நம்புவாங்க. அண்ணன் பேச்சுல எந்த எடமுங்க உங்க மனசை மாத்துச்சு?”

“எந்தப் பேச்சுங்க தம்பி?”

“அதானுங்க, பொங்கலன்னிக்குப் பேசினது.”

“அதுங்களா? நான் அதுக்கு அஞ்சு நாள் முன்னாலயே சண்டையை நிறுத்திப்போட்டனுங்களே.”

சென்னகேசவன் கையிலிருந்த காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “அஞ்சு நாள் முன்னாலயா? ஏன்?”

கனகம் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“இனிமே புது நகையெல்லாம் பதினாலு காரட்டுலதான் செய்யோணும்னு சர்க்காரு உத்தரவு போட்டாங்களே, அன்னைக்குத்தானுங்க. பாதிச் செம்புக்கெல்லாம் என்னால சண்டை போட முடியாதுங்க.”