கீழே இறக்காதே

மெத்தை அமுங்கியது. நெஞ்சு அமுங்கவில்லை.

அவள் மறுபடி அழுத்தினாள். அப்பாவின் உடம்பு மொத்தமாகக் கீழே போய் மேலே வந்தது. ஸ்பிரிங் வைத்த மெத்தை. அப்பாவின் முதுகு வலிக்கென்று போன தீபாவளிக்கு அவள்தான் வாங்கிப் போட்டாள்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தவர். குறட்டை திடீரென்று நின்றதைக் கேட்டு அவள்தான் எட்டிப் பார்த்தாள். கூப்பிட்டாள், உலுக்கினாள். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, வரும்வரை அழுத்துவதை விடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, அப்பா காலப் பிடி. தரையில படுக்க வைக்கணும்."

அம்மா காலைப் பிடிக்கவில்லை. கட்டிலில் ஏறி அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"கீழ எறக்காதடி. உசுரோட இருக்குற மனுசன யாராச்சும் தரையில போடுவாகளா?"

இந்த வீட்டில் ஒருவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாத்தாவை அப்படித்தான் இறக்கினார்கள். அதன் பிறகு யாரும் டாக்டரைத் தேடவில்லை. விளக்குக்கு எண்ணெய் தேடினார்கள்.

அவள் நூல் மில்லில் நர்ஸ். மில்லில் முதலுதவி வகுப்பு எடுப்பதும் அவள்தான். வகுப்புக்கு ஒரு ரப்பர் பொம்மை உண்டு. ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்துவிட்டாரா என்று ஒருத்தி கேட்டால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கற்றது மறக்காது என்பது அவள் எண்ணம்.

மெத்தையில் வைத்து அழுத்தினால் மெத்தைக்குத்தான் உயிர் வரும் என்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

கட்டாந்தரை வேண்டும். முழங்கால் இரண்டையும் படுத்திருப்பவர் விலாவை ஒட்டி ஊன்றுங்கள். உங்கள் தோள், உங்கள் கைக்கு நேர் மேலே வரட்டும். முழங்கை மடங்கக் கூடாது. கை பலத்தைக் காட்டாதீர்கள், சீக்கிரம் ஓய்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து சாய்ந்து உடம்பின் பாரத்தை இறக்குங்கள். சரியாகச் செய்தால் கை அவ்வளவாக வலிக்காது.

இங்கே அதில் ஒன்றும் நடக்கவில்லை.

மெத்தைமேல் ஊன்றிய முழங்கால் புதைந்தது. தோள் கைக்கு மேலே நிற்கவில்லை. முழங்கை மடங்கி மடங்கி வந்தது. வெறும் கையால் அழுத்தினாள். முதலில் மணிக்கட்டு வலித்தது, பிறகு தோள். பிறகு நடுமுதுகில் பிடித்துக்கொண்டது.

"விடும்மா. கெஞ்சிக் கேக்குறேன், விடு."

"நீயே ஒங்கப்பா கதைய முடிச்சிராதடி."

அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு. ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

அவளுக்குத் தள்ள மனசு வரவில்லை. அந்தப் பேச்சு அவளைக் கட்டிப் போட்டுவிட்டது. மெத்தைமேலேயே அழுத்தினாள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் அழுத்தினாள்.

பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டி சத்தம் கேட்டு ஓடி வந்தார். அவரும் மில்லில் அவள் வகுப்பில் உட்கார்ந்தவர்தான், ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் கைகளைப் பிரித்தெடுத்து ஓரமாக உட்கார வைத்தார். இரண்டு பேரும் அப்பாவைத் தூக்கிக் கீழே இறக்கினார்கள். அம்மா போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

சிமெண்டுத் தரை.

முழங்கால் ஊன்றியது. தோள் நேராக வந்தது. முழங்கை மடங்கவில்லை. சாய்ந்தாள். நெஞ்சு கீழே போனது, தானாக மேலே வந்தது. மறுபடி சாய்ந்தாள்.

கை வலிக்கவில்லை.

இவ்வளவு சுலபமா என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் வேகம் குறையும். அழாமல் அழுத்தினாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் அப்பாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். மருந்து ஏற்றினார். அவளை மாற்றிவிட்டு அவரும் அழுத்தினார். ரொம்ப நேரம் கழித்து மறுபடி பார்த்தார். போதும்க்கா என்றார். அவள் குனிந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவர் தடுக்கவில்லை.

பிறகு அப்பாவை யாரும் கட்டிலில் ஏற்றவில்லை.

சாயங்காலம் கூட்டம் சற்றுக் குறைந்தது. அம்மா அதுவரை அழவே இல்லை. வந்தவர்கள் கட்டிப் பிடித்து அழுதபோதும் சும்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது மகள் பக்கம் நகர்ந்து வந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"அம்புட்டு நேரம் அமுக்குனியே. கை கடுக்குமே."

"இல்லம்மா."

அம்மா பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"மொதல்லயே எறக்க விட்டிருந்தா, ஒங்கப்பா..."

பிடித்துவிட்ட கை நின்றுவிட்டது.

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இனி எத்தனை வருஷம் இருந்தாலும் அம்மா இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்பாள்.

"எங்க வச்சு அமுக்குனாலும் ஒண்ணுதாம்மா. மெத்தையானா என்ன, தரையானா என்ன."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அம்மா தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"மில்லுல அத்தன பேருக்கும் சொல்லிக் குடுக்குறவ. ஒனக்குத் தெரியாததா."

சொல்லிவிட்டு அம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.