சம்பந்தி வீட்டுத் தண்ணீர்

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. உங்க ஊட்டுத் தண்ணி இருக்கிற இருப்புக்குப் பேரன இப்ப அனுப்ப முடியாதுங்க” என்றார் சின்னுசாமி.

கடலோர ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி மலையேறி வந்திருந்த மாணிக்கம், காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிரசவத்துக்கு வந்த மருமகள் கலைச்செல்வியையும் பேரனையும் ஐந்தாம் மாதம் அழைத்துப்போவதாகப் பேச்சு.

“போன மாசம் போன்ல ஏதோ சொன்னீங்களே, அத இன்னொரு தரம் சொல்லுங்க.”

“ஆரம்பிச்சாச்சா” என்றாள் மாதம்மாள், அடுப்படியிலிருந்து.

சின்னுசாமி மனைவியைக் கண்டுகொள்ளவில்லை. “ஆதியில கடலும் ஆறும் மாறி மாறிச் சேறு கொட்டுச்சுங்க, தோசை மேல தோசை அடுக்குனாப்புல. அதுல ஒரு தோசையில ஆர்சனிக்கு. பாஷாணமுங்க. ஆரும் கொண்டாந்து போடல, மண்ணுலயே அதுவா இருக்குது. உங்க போர் பைப்பு நேரா அதுக்குள்ள நிக்குது.”

“எத்தனை அடியில?”

“அறுபது” என்றார், டேப் பிடித்து அளந்தவர் போல.

“தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதே.”

“அதானுங்க அதோட கெட்டிக்காரத்தனம். நெறமில்ல, வாசமில்ல, ருசியில்ல. தாய் குடிக்கிறது புள்ளைக்குந்தானுங்களே.”

“எங்கப்பாவும் அந்தத் தண்ணிதான் குடிச்சாரு.”

“எத்தன வயசுல போனாருங்க?”

“நாப்பத்தெட்டு.”

“பாத்தீங்களா” என்று சொன்ன பிறகுதான், கேட்டிருக்க வேண்டாமோ என்று சின்னுசாமிக்குத் தோன்றியது.

மாணிக்கம் தூளிக்குள் கால் உதைத்துக்கொண்டிருந்த பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலைச்செல்வி கட்டிவைத்த பையோடு வந்து நின்றாள். “அப்பா, அவரு அங்க பழைய சோத்தத் தின்னுட்டுக் கெடக்கறாருப்பா.”

“மழ பேஞ்சு தண்ணி மாறட்டும் சாமி. ரெண்டே மாசம்.”

“ரெண்டு மாசம் பத்தாது சம்பந்தி” என்றார் மாணிக்கம். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். “நீங்க போன்ல சொன்னப்ப சிரிச்சேன். அப்புறம் மனசு கேக்கல, தண்ணிய டெஸ்டுக்குக் கொடுத்தேன். இருக்கலாம்ங்கிற அளவுக்கு ஏழு மடங்கு இருக்காம். எங்க தெருவுல ஒம்பது போரையும் மூடிட்டாங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா லாரித் தண்ணி. ஆழமா வேற போர் போடுற வரைக்கும் இவங்க இங்கயே இருக்கட்டும்னு சொல்லத்தான் வந்தேன்.”

எழுந்து நின்று கைகூப்பினார். “மலை மேல உக்காந்துக்கிட்டு இத எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

சின்னுசாமி கையிலிருந்த காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரனை இன்னும் இரண்டு மாதம் மடியில் வைத்துக்கொள்ள வேறு வழி தெரியாமல், நாமக்கல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விரித்த பேப்பரில் எந்தத் தேசத்துச் செய்தியையோ எட்டிப் படித்து, அதைச் சம்பந்தி வீட்டு போருக்குள் இறக்கிவிட்டவர் அவர்தான்.