வளராத புருவம்

தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இனி சுரீரென்று வரும். வரட்டும்.

புருவம்கூடப் பரவாயில்லை. மேலுதடுதான் உயிரை வாங்கும். அதனால்தான் மேலுதட்டையும் சேர்த்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் முறை இப்போதுதான் முடிந்திருந்தது. புருவம் மட்டும் வில்லாக நின்றது. கண்ணெல்லாம் தண்ணீர்.

பார்லரில் யார் அழுதாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அழகென்றால் சும்மாவா வரும்?

நூல் போடும் ரெஜினாவால் கேட்கவே முடியாது. நூலின் ஒரு முனை அவள் பல்லிடுக்கில் இருக்கும்.

நாற்பத்தேழு வயதுவரை இவள் இந்தக் கடைப் படி ஏறியதில்லை. மாசி மாதம் டாக்டர் இவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கணவருக்கு இன்னும் ஆறு மாதம். மிஞ்சினால் எட்டு.

அவருக்குத் தெரியவே கூடாது என்று அவருடைய தம்பிகள் முடிவெடுத்தார்கள். நீங்கள் அழுதால் கண்டுபிடித்துவிடுவார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணி என்றார்கள். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியவள் இவள்தானே.

வீடு இரண்டே அறை. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் போதும், என்ன பண்ணுகிறாய் என்று குரல் வரும்.

ஒரு கல்யாணத்துக்காக முதல்முறை புருவம் திருத்திவிட்டுப் போனபோது அவர் அவள் கண்ணையே பார்த்தார். சிவந்திருந்தது. பார்லர் என்றாள். இந்த வயதில் யாரை மயக்க இந்தக் கூத்து என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது.

மாதம் ஒரு தடவை என்பது பத்து நாளாகி, வாரமாகிவிட்டது.

ரெஜினாவுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. எடுப்பதற்கு அங்கே முடியே இல்லை. ஆனாலும் பவுடர் தட்டுவாள். வெறும் தோலில் நூலை ஓட்டுவாள். வலிக்கிற மாதிரியே ஓட்டுவாள். தங்கமான பெண்.

இன்று பவுடரைத் தட்டிவிட்டு, நூலைக் கடிக்குமுன் குனிந்து கேட்டாள்.

"முந்தாநாள்தானேக்கா வந்தீங்க?"

கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"நான் வரணும்னு நெனைக்கல. அவருதான் பார்லர் போயிட்டு வான்னாரு. நேரமானாலும் பரவால்ல, மெதுவா வா, நான் இருக்கேன்னாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

கண்ணைத் திறந்தாள். ரெஜினா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை மாதம். எத்தனை தடவை இந்த முகத்தை அவர் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரெஜினா சட்டென்று நூலைப் பல்லில் வைத்துக் குனிந்தாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் அழுதாள். இதுவரை அங்கே யாரும் அப்படி அழுததில்லை.

கல்லூரிப் பெண் பதறி எழுந்தாள்.

"கொஞ்சம் மெதுவா பண்ணுங்கக்கா. பாவம், அவங்களுக்கு ரொம்ப வலிக்குது."

நூல் இன்னும் தோலில் படவே இல்லை.