சுத்தியலுக்குப் பயந்த மனுஷன்

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாறை உடைக்கிற உத்திராபதிக்கு, டாக்டர் முட்டியில் தட்டுகிற சின்னச் சுத்தியலை நினைத்துப் பயமாம். அவர் மனைவி காத்தாயிக்குச் சிரிப்பதா, எரிந்து விழுவதா என்றே தெரியவில்லை.

அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து அதே புலம்பல். இடது கை மரத்துப் போகிறதாம், பெரம்பலூர் போய் நரம்பு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டுமாம். போய் வந்த ஒருத்தர் சொன்னாராம், கோட்டில் நடக்கிற மாதிரி நடக்கச் சொல்வார்கள், மூக்கைத் தொடச் சொல்வார்கள், எழுதிக் காட்டச் சொல்வார்கள் என்று.

"ஒவ்வொண்ணையும் நீ முன்னால செஞ்சு காட்டு காத்தாயி. பாத்துட்டு நான் செய்யிறேன்."

"நாலு பேரு கேட்டா சிரிப்பாங்க. பேசாம வாங்க."

நன்றாகத் தின்று நன்றாகத் தூங்குகிற ஆள். முந்தாநாள்கூட அந்த இடது தோளில்தான் அரிசி மூட்டையைத் தூக்கி வந்தார். வேலைக்கு மட்டம் போட ஒரு சாக்கு, அதற்குத் துணையாக இவளும் அங்கன்வாடிக்கு லீவு போட வேண்டும்.

லீவு போட்டால் என்ன உடம்புக்கு என்று கேட்பார்களே என்பதுதான் காத்தாயியின் கவலை. ஒரு வருஷமாக அவளுக்கு வலது கை தானாக நடுங்குகிறது. முந்தானைக்குள் வைத்து மறைத்துக்கொள்வாள். புருஷன் ஒரு தடவை கேட்டதற்கு, ஆஸ்பத்திரிப் பேச்செடுத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று வாயை அடைத்துவிட்டாள். நோய்க்காரி என்று பேர் வந்தால் பிள்ளைகளை நம்பி விடுவார்களா? வேலை போய்விடும். அதை விடுவதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் உத்திராபதியே வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். நம்பரைக் கூப்பிட்டதும் அவளை முன்னால் விட்டுப் பின்னால் நுழைந்தார்.

டாக்டர் அபிநயா நடந்து காட்டச் சொன்னார். உத்திராபதி அசையவில்லை. தலையெழுத்தே என்று முணுமுணுத்துவிட்டுக் காத்தாயி நடந்தாள். டாக்டர் அவள் காலைப் பார்க்காமல் கையையே பார்த்தது அவளுக்கு விநோதமாக இருந்தது.

மூக்கைத் தொட்டாள். கட்டைவிரலில் ஆள்காட்டி விரலைத் தட்டித் தட்டிக் காட்டினாள். ஊர்ப் பேரை ஐந்து தடவை எழுதச் சொன்னார். முதல் கீழப்பழுவூர் பெரிதாக இருந்தது, ஐந்தாவது எறும்பாகச் சுருங்கிவிட்டது. சுத்தியலும் அவள் முட்டியில்தான் முதலில் பட்டது.

"பாத்துக்கிட்டீங்கல்ல? எங்க அங்கன்வாடிப் புள்ளைங்ககூட இதுக்குப் பயப்படாது. எந்திரிச்சு வாங்க."

உத்திராபதி எழுந்திருக்கவில்லை. டாக்டரும் அவரைக் கூப்பிடவில்லை.

"நல்லவேளை, ஆரம்பத்துலயே வந்துட்டீங்கம்மா. இன்னும் ரெண்டு டெஸ்ட் பாத்துட்டு மாத்திரை எழுதுறேன். நடுக்கம் கட்டுக்குள்ள இருக்கும். வேலைய விட வேண்டியதில்ல, தாராளமா போங்க."

காத்தாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் துணைக்கு வந்தவ மேடம். வைத்தியம் அவருக்கு."

டாக்டர் மேஜையிலிருந்த சீட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். காத்தாயி, வயது நாற்பத்தாறு என்று இருந்தது.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்தான் முதலில் வந்தது. அது வாய்க்கு வருவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"அப்ப பயம் பயம்னு பஸ்ஸு முழுக்கப் புலம்புனது பொய்யா?"

"பயந்தது நெசந்தான் புள்ள," என்றார் உத்திராபதி. "சுத்தியலுக்கு இல்ல."