ஆரஞ்சு வண்டியில் சிவப்புப் பலகை

கார்லண்ட் கட்சி மாறிவிட்டான்.

யாரோ சொல்லிக் கேட்டது அல்ல. செவ்வாய்க்கிழமை காலை பெட்ரோல் பங்க்கில் காபி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் கண்ணாலேயே பார்த்தார்கள். கார்லண்டின் ஆரஞ்சு நிற பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் மூக்கில் அலபாமா காலேஜின் சிவப்புப் பலகை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நம்பர் பலகையை அரசாங்கம் பின்னால்தான் கேட்கிறது. முன்பக்கம் அவனவன் மனசு. அங்கே பெற்ற பிள்ளையின் பேரைக்கூட எழுத மாட்டார்கள். டென்னசி காலேஜ் ஃபுட்பால் அணியின் ஆரஞ்சுப் பலகைதான் மாட்டுவார்கள். வருகிற சனிக்கிழமை, பரம எதிரியான பக்கத்து மாநிலம் அலபாமாவோடு ஆட்டம். அந்த ஒரு வாரம் தக்காளி சாஸைக்கூட, சிவப்பாக இருக்கிறதே என்று தள்ளி வைக்கிற ஊர் அது.

அந்த நாலு பேரில் ஒருவனான ராய்ஸ், கடித்த ரொட்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். முப்பது வருஷமாக, கார்லண்டையும் சேர்த்து அவர்கள் ஐந்து பேர் வண்டியும் வரிசை கட்டித்தான் ஆட்டம் நடக்கிற நாக்ஸ்வில் மைதானத்துக்குப் போகும். முன்னால் ராய்ஸ். கடைசியில், இறைச்சி சுடுகிற பெரிய அடுப்பை இழுத்துக்கொண்டு கார்லண்ட்.

இனிமேல் அவனைச் சேர்க்கக் கூடாது என்று மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆளை விட்டுவிடலாம், அடுப்பை எப்படி விடுவது என்று அப்புறம் கவலைப்பட்டார்கள். கடைசியில், நீ போய் விசாரி என்று ராய்ஸைக் கிளப்பிவிட்டார்கள்.

வெளியே கார்லண்ட் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்து நின்றான். கழற்ற மறந்துவிட்டேன் என்று முணுமுணுத்தான்.

"மறந்துட்டியா? அப்ப எத்தனை நாளாடா இதோட திரியிற?"

"மூணு வாரமா."

விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கும் இமோஜீன் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. கூட்டிப்போகிற சர்ச் வேன் படுத்துவிட்டது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று கார்லண்ட் போய் நின்றிருக்கிறான். அந்தம்மா அலபாமாவில் பிறந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வாசலுக்கு வந்து வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாளாம். பொணமாகக்கூட இந்த ஆரஞ்சில் ஏற மாட்டேன் என்றாளாம்.

"அதான் பலகையை வாங்கி மாட்டினேன். இந்த சனிக்கிழமை நான் வரல. அடுப்பை நீ இழுத்துட்டுப் போ."

ராய்ஸுக்கு அந்தக் கிழவி மேல் பற்றிக்கொண்டு வந்தது. போன குளிர்காலத்தில் மனைவி வெர்னா செத்ததிலிருந்து கார்லண்ட் வீட்டை விட்டு வெளியே வருவதே அபூர்வம். அவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, தகரப் பலகை வேறு மாட்ட வைப்பதா?

சனிக்கிழமை நான் கூட்டிப்போகிறேன், நீ ஆட்டத்துக்குப் போ என்று ராய்ஸ் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

சனிக்கிழமை விடியற்காலை தன் வண்டியில் அந்தச் சிவப்பை மாட்டும்போது, சொந்தப் பல்லைப் பிடுங்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். சந்து சந்தாகப் போயும் பாதிரியார் கண்ணில் பட்டுவிட்டான். வணக்கம் சொல்லத் தூக்கிய கையை அவர் பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

இமோஜீன் அம்மா வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பலகை கோணலாக இருக்கிறது என்று அதை நிமிர்த்த வைத்தாள். ராய்ஸின் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றச் சொல்லி, அதன் மேலேயே தன் கைப்பையை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

நெடுஞ்சாலையைத் தொட்டதும் ராய்ஸால் அடக்க முடியவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம் இப்படியா வீம்பு பிடிப்பது என்று மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான்.

அவள் கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பினாள்.

"ஏம்ப்பா, எனக்கு வண்டி இல்லேன்னா நினைச்சே? என் தம்பி மகன் பக்கத்து ஊர்லதான் இருக்கான். வேன் நின்ன அன்னிக்கே, நான் வர்றேன் அத்தேன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

"கார்லண்ட் வந்து கேட்டப்போ அவன் மூஞ்சியைப் பார்த்தேன். சவரம் பண்ணி ஒரு மாசம் இருக்கும். சட்டையில பித்தான் இல்ல. வெர்னா இருந்தா அப்படி விடுவாளா? காலைல ஆறு மணிக்கு ஒருத்தி காத்துக்கிட்டு இருக்கான்னா மனுஷன் எழுந்து குளிச்சுத்தானே ஆகணும்? இப்ப சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு வர்றான். வழி பூரா ஃபுட்பால் சண்டை. போன வியாழக்கிழமை சிரிச்சான்கூட. இன்னிக்கு அவனை ஆட்டத்துக்கு நானே விரட்டறதா இருந்தேன், அதுக்குள்ள நீ வந்து நிக்கிற."

ராய்ஸ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அப்ப அந்தச் சிவப்புப் பலகை எதுக்கும்மா?"

"அதுவா, அது எனக்காக. அம்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர் ஆரஞ்சைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. ரெண்டு வண்டியை மாத்தியாச்சு. அடுத்த சனிக்கிழமைக்கு யாரை அனுப்பப்போற?"