நாலு விரல் குறைந்தது

மகளின் கவுனைத் தையல்காரரின் மேசையில் விரித்துப் போட்டாள் அவள்.

“வயித்துப் பக்கம் நல்லாப் பிடிச்சுத் தைச்சுடுங்கண்ணா.”

அந்தக் கவுனை அவருக்கு ஞாபகம் இருந்தது. போன தடவை இதே தையலைப் பிரித்து விட்டவர் அவர்தான். ‘தொப்பையைப் பாரு, நல்ல சாப்பாட்டு வீடு!’ என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளியவரும் அவர்தான்.

“என்னம்மா இது? எல்லாரும் பிள்ளைக்குப் பிரிச்சு விடச் சொல்லித்தான் வருவாங்க. சோறு கீறு போடுறீங்களா, இல்லையா?”

“நாலு விரல் குறைஞ்சிருக்குண்ணா!” அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அவருக்கு எரிச்சலாக வந்தது. “இளைச்சதுக்கா இவ்வளவு சந்தோஷம்?”

“அது தொப்பை இல்லண்ணா. ஈரல்ல புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷனே பண்ண முடியாத அளவுக்குப் பெருசா இருந்துச்சு. கீமோ கொடுத்துச் சுருக்கியிருக்காங்க. திங்கக்கிழமை வெட்டி எடுக்கப் போறாங்க.”

அவர் மிஷினில் உட்கார்ந்தார். தைத்து முடித்து நீட்டினார்.

அவள் உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். “மிச்சத் துணியை வெட்டலையாண்ணா?”

“உள்ளேயே மடிச்சு விட்டிருக்கேன்,” என்றார் தலை நிமிராமல். “திரும்பப் பிரிக்கணும்ல? வளர்ற பிள்ளை.”